முனிலட்சுமியின் தெலுங்கு

முனிலட்சுமிக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். மற்ற நாளெல்லாம் புருஷனிடம் தமிழ்தான். ரோஜாத் தோட்டத்து மேனேஜரிடம் கன்னடம், அங்கே வேலை செய்யும் ஜார்கண்ட் பெண்களிடம் அரைகுறை இந்தி என்று ஓசூர்க்காரர்களுக்கே உரிய தாராளத்தோடு பேசுவாள். ஆனால் ராஜசேகர் மேல் கோபம் என்று வந்துவிட்டால், மற்ற பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவார்களே, அதற்குப் பதிலாக இவள் பிறந்த வீட்டுப் பாஷைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த மட்டில் பஸ் செலவு மிச்சம்.

ராஜசேகருக்கு அரூர்ப் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் பெண் வீட்டார் சிரித்துக்கொண்டே அவனுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் கோபத்தில் தெலுங்கு பேசினால் பதில் சொல்லாதீர்கள், காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள், இரண்டொரு நாளில் தமிழ் தானாக வந்துவிடும். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். போகப்போகத் தெலுங்கு அவனுக்கு ஓரளவு புரியத் தொடங்கியதுதான் சங்கடம். ஆனாலும் புரியாமல் இருக்கப் பழகிக்கொண்டான். அவள் வாயைத் திறந்ததும் இவன் உள்ளுக்குள் காதை மூடிக்கொள்வான். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றவனுக்கு அது பெரிய வித்தையில்லை. பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் தன் குடும்பம் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான்.

மாசி மாதம். காதலர் தினத்துக்கான ரோஜா ஏற்றுமதி முடிந்து, தோட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முனிலட்சுமி காபியை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். ராஜசேகர் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பாஷை தெலுங்கு. சரி, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

வாசலில் நின்று, என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தான். இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. தப்பே செய்யாதவனுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. நிறையச் செய்தவனுக்குத்தான் எது என்று குழப்பம். கடைசியில், ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டே போனால் சரியான இடத்தில் தமிழ் வந்துவிடும் என்று முடிவு கட்டினான். கம்பெனியில் மெஷின் நின்றால் அப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள்.

முதலில் சமையலறைக் குழாய். ஊரார் மெஷினில் ஒழுகுவதையெல்லாம் அடைக்கிறவன் வீட்டில் குழாய் சொட்டுகிறதே என்று அவள் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புது வாஷர் போட்டான். அவள் குழாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் தமிழ் வந்தது. சட்னிக்குக் கடலை வாங்கி வரச் சொன்னாள். ராஜசேகர் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். அன்று சாயங்காலமே மறுபடியும் தெலுங்கு.

அப்புறம் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அப்புறம் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலை. அதை விட்டபோது அவனுக்குத் தலைவலி வந்தது, அவளுக்குத் தமிழ் வரவில்லை. மகன் தினேஷ்குமார் பர்கூர் இன்ஜினியரிங் கல்லூரியில் படிக்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். அவனைப் போய்ப் பார்ப்பதே இல்லை என்று அவளுக்கு ஒரு குறை உண்டு. ஒரு லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அப்பா ஏன் திடீரென்று வந்து நிற்கிறார் என்று மகன்தான் பயந்துபோனான். அம்மா ஏன் போனில் சரியாகப் பேசுவதில்லை என்றும் கேட்டான். கோபமாக இருக்கிறாள் என்று ராஜசேகர் சொல்லிவிட்டு வந்தான்.

இப்படி வீடு நாளுக்கு நாள் சீராகிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரிதான் சீரழிந்துகொண்டிருந்தாள். அதை மட்டும் அந்த ஃபிட்டர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பார்த்தான், எல்லாவற்றையும் கோபத்தின் கணக்கில் எழுதினான். கையில் வைத்திருந்த டம்ளர் வெடுக்கென்று துள்ளிக் கீழே விழுந்தால், பாத்திரம் எறியும் அளவுக்குப் போய்விட்டாளே என்று நினைத்தான். குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தால், வேண்டுமென்றே செய்கிறாள் என்று பேசாமல் சாப்பிட்டான். அடுப்பைப் பற்ற வைக்காமலே அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தால், சமைக்க மாட்டேன் என்கிறாள் என்று ஹோட்டலில் இட்லி வாங்கி வந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் கண்ணுக்கு எல்லாமே ஊடல்.

பங்குனியில் ரோஜாத் தோட்டத்து மேனேஜர் போன் செய்தார். முனிலட்சுமி அங்கே பூக்களைக் காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டும் வேலையில் கெட்டிக்காரி. இப்போது குட்டைக் காம்பும் நெட்டைக் காம்பும் ஒரே கட்டில் வருகிறதாம். கை நடுங்குகிறதாம். நேற்று மதியம் குளிர் அறைக்குள் போனவள் வெளியே வர வழி தெரியாமல் நின்றாளாம். கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கன்னடத்தில் தன்மையாகத்தான் சொன்னார். அப்போதுதான் ராஜசேகருக்கு, இது கோபம்தானா என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் காட்டினான். அவளுக்குப் பல வருஷமாகத் தைராய்டு. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாக இருந்தது. மற்றதும் சரியாக இருந்தது. உடம்பில் ஒன்றுமில்லை, மனதில் ஏதாவது கவலை இருக்கும், வீட்டில் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பிறகு கோபம்தானே என்று ராஜசேகருக்கு ஆறுதலாகப் போய்விட்டது. சந்தேகம் தீர்ந்தது.

இனிப் பாக்கி இருந்தது ஒரே ஒரு தப்பு. அதுதான் பெரியது. அதனாலேயே அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தான்.

முனிலட்சுமியின் தம்பி திருமலை பாகலூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோது, அக்கா புருஷனுக்கு நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டான். ஊருக்கே அப்படித்தான் அனுப்பினான், நேரமில்லை. ஊரும் நானும் ஒன்றா என்று ராஜசேகர் வீம்பு பிடித்தான். முனிலட்சுமி தனியாகத்தான் போய் வந்தாள். அந்தத் தடவை தெலுங்கு ரொம்ப நாள் நீடித்தது. அன்றிலிருந்து மச்சானுக்கும் மாமனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சித்திரை பிறந்ததும், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு ராஜசேகர் பாகலூருக்குப் போனான். உலக வழக்கத்துக்கு இது தலைகீழ். தாம்பூலம் வைக்க வேண்டியவன் கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, வாங்கிக்கொள்ள வேண்டியவன் தட்டோடு வாசலில் நிற்கிறான். திருமலை பதறி எழுந்து தட்டை வாங்கிக்கொண்டான். உன் அக்கா கோபம் தீரவே இல்லை, வந்து சமாதானம் சொல்லு என்றான் ராஜசேகர். திருமலை கடையை அப்படியே வேலைக்காரனிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்தான்.

முனிலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்துப் பேசினாள். நிறையப் பேசினாள். வழக்கம்போல ராஜசேகர் காதை மூடிக்கொண்டு, இரண்டு வருஷக் கோபத்தையும் தம்பியிடம் கொட்டித் தீர்க்கட்டும் என்று சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். மனசு லேசாகக்கூட இருந்தது. திருமலை சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"பாவா, அக்கா எத்தன நாளா இப்பிடிப் பேசுது?"

"மாசியிலேருந்து. திட்டட்டும் உடு மச்சான். எல்லாம் எம்மேலதான் தப்பு."

"அது உங்களத் திட்டல பாவா. அது பேசுறது தெலுங்கே இல்ல. பாதி தெலுங்கு, பாதி என்னான்னே தெரியல. இது யாரு வீடுன்னு கேக்குது. நான் யாருன்னு கேக்குது."

ராஜசேகர் அடுப்பை அணைத்தான். அறைக்குள் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவள் தெலுங்கைக் காது கொடுத்துக் கேட்டான். வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. பாதியில் நின்று, வேறு எங்கோ போய், ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. இதை எத்தனை நாளாகத் தன் காதுக்கு வெளியே நிற்க வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

உடனே பெங்களூருக்குக் கிளம்பினார்கள். அத்திப்பள்ளி தாண்டி டிராஃபிக்கில் நின்றபோது அவளுக்கு வலிப்பு வந்தது. கை கால் இழுத்து, கண் மேலே போய், பிறகு தொய்ந்து அவன் மடியில் சாய்ந்தாள். திருமலை ஹாரனை விடாமல் அடித்தான். ராஜசேகர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, லட்சுமி, லட்சுமி என்று சொல்லிக்கொண்டே வந்தான். இவள் மறுபடி இவளாக வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்புதான். வேறு எதுவும் அவன் புத்தியில் ஓடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, அடைப்பு இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்த்ததில் மட்டும் அது மந்தமாக ஓடுகிறது என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இது இல்லை, அது இல்லை என்று வந்து சொன்னார்கள். இல்லை என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவனுக்கு விளங்கவில்லை.

நரம்பியல் டாக்டர் ஜெபசீலி தமிழ்க்காரர், நடு வயது, அவசரப்படாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டார். ராஜசேகர் சொன்னான். குழாய்க்கு வாஷர் போட்ட வாரத்தில் பேச்சு மாறியது. அடுத்த நாள் தெளிந்து மறுபடி போனது. கொடிக்கயிறு கட்டிய வாரத்தில் கை துள்ளியது. புகையிலை விட்ட பிறகு சமையல் மறந்தது. பர்கூர் போய் வந்த பிறகு தோட்டத்தில் வழி தெரியாமல் நின்றாள். தன் பிராயச்சித்தங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். நோயாளி வீட்டுக்காரர்கள் இவ்வளவு துல்லியமாகச் சொல்வது அபூர்வம் என்றார். அந்தப் பாராட்டு அவனுக்குச் சவுக்கால் அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவன் இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவனே கேட்டுக்கொண்டான்.

தைராய்டு உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, உண்டு, ஆனால் போன மாதம் பார்த்தோம், நார்மல் என்று சொன்னான். அவர் நிமிர்ந்தார்.

"அளவு நார்மலா இருக்கலாம். ஆனா அந்தத் தைராய்டு எதனால கெட்டுச்சுன்னு பாக்கணும்."

இன்னொரு ரத்தப் பரிசோதனை போனது. உடம்பு தன் சொந்தத் தைராய்டையே எதிரி என்று நினைத்து அடிப்பதற்காக உண்டாக்கும் பொருள் ஒன்று உண்டாம். அது அவள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தது. ஹாஷிமோட்டோ என்கெஃபலோபதி என்று ஒரு பெயர் சொன்னார். லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருவது. தைராய்டுச் சுரப்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த உடம்பு, மூளையோடும் சண்டைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் போகிறது என்பது எங்களுக்கே முழுசாகத் தெரியாது, மற்ற வியாதி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இதைச் சொல்ல முடியும், பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும், கட்டுப்படாதவர்களும் உண்டு. ஒளிக்காமல் சொன்னார்.

கெமிஸ்ட்ரி எதுவும் ராஜசேகருக்குப் புரியவில்லை. சண்டை என்பது மட்டும் புரிந்தது. வீட்டில் நடந்தது சண்டைதான், ஆனால் தன்னோடு இல்லை. உள்ளுக்குள் அவளை அவள் உடம்பே அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் வெளியே நின்று புகையிலையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. தினேஷ்குமார் பர்கூரிலிருந்து வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனை யாரோ என்று பார்த்தாள். அப்பா, அம்மா சரியாகிவிடுவாளா என்று அவன் கேட்டபோது, ஆவாள் என்று ராஜசேகர் சொன்னான். நம்பிக்கையினால் அல்ல, வேறு என்ன சொல்வது என்று தெரியாததால். அதற்கடுத்த நாள் விடிந்து, பால் வண்டி வந்து போன பிறகு, முனிலட்சுமி கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

"அந்த ஃபேன நிறுத்துங்க. குளுருது."

தமிழ். ராஜசேகர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான். பிறகு வராந்தாவுக்கு வந்து, மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். கம்பெனியில் விரல் நசுங்கியபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

அதற்குப் பிறகு மளமளவென்று தெளிந்தாள். மகனைப் பார்த்து ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்டாள். தம்பியும் புருஷனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் பன் சாப்பிடுவதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டாள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், குறைக்கும்போது மறுபடி வரலாம், பேச்சிலோ கையிலோ சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர் ஜெபசீலி.

சின்ன மாற்றம் என்ற வார்த்தை ராஜசேகரைப் பிடித்துக்கொண்டது. அவள் பூக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசினால் இவன் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வருவான். போனில் தம்பியோடு பேசினால் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பான். காது கேட்காதவனாக இருந்தவன் இப்போது ஒட்டுக் கேட்கிறவனாகிவிட்டான். மாத்திரையால் அவள் முகம் உப்பி வட்டமாகிவிட்டது, பசியோ பசி. ஊரெல்லாம் கிருஷ்ணகிரி மாம்பழம் மணக்கிற நேரத்தில், ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கிறது, அரைத் துண்டுக்கு மேல் கூடாது என்று இவன் கத்தியோடு காவல் இருந்தான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், அவனுக்கு வார லீவு. மதியச் சாப்பாடு முடிந்து, அவள் பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப எதுக்கு என்கிட்டப் பேசாம இருந்தீங்க?"

எப்போது என்று அவன் கேட்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். எல்லாம் இல்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றாள்.

"நீ கோவமா இருக்கன்னு நெனச்சேன்."

அவள் கையில் இருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

"நானா? நீங்கதான் கோவமா இருக்கீங்கன்னு நான் நெனச்சேன். வாயத் தொறந்தாலே எந்திரிச்சு வெளிய போய்க்கினு இருந்தீங்க. ஏதோ தப்புப் பண்ணிட்டம்போல, அதான் இந்த மனுசன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாருன்னு நாள் பூரா யோசிப்பேன். ஒண்ணும் நெனப்பு வராது. அதையேதான் உங்களக் கேட்டுக்கினு இருந்தேன். நான் என்னா தப்புப் பண்ணேன், சொல்லுங்கன்னு. தெனமும் கேட்டேன்."

ராஜசேகர் அவள் மடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் கேட்டது மன்னிப்பு இல்லையே, பதில். அது இன்னும் அப்படியே நிற்கிறது.

"இப்ப கேளு," என்றான்.

"என்னாத்த?"

"அதையே. அப்ப கேட்ட மாதிரியே."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, விளையாட்டாகத் தொடங்கி, பாதியில் விளையாட்டு போய்விட, தெலுங்கில் கேட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, அவளிடம் ஒருநாளும் பேசியிராத தெலுங்கில், அரூர்க்காரனின் தடித்த உச்சரிப்போடு, நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு தடவை கேட்டாள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.